மண்டைதீவா, நெடுந்தீவா? தீவகத்தில் குறைந்த செலவில் தங்க ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தீவகத்தைப் பகலில் மட்டுமே பார்க்கிறார்கள். விடியற்காலையில் வான் பிடித்துக் குறிகட்டுவான் போய், படகேறி நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டு, திரும்பும் வழியில் சாட்டிக் கடற்கரையில் கால் நனைத்து, பொழுதுபடுமுன் பண்ணைப் பாலத்தைக் கடந்து நகரத்து அறைக்குள் புகுந்துவிடுகிறார்கள். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அதுவே சரி. ஆனால் கடலோரத்தில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகவேண்டும் என்ற ஆசையோடும் அளவான காசோடும் வருகிறவர், நகரத்துக்குள் படுத்துக்கொண்டு நாளாந்தம் வான் கூலி கொடுத்தால் ஆசையும் தீராது, காசும் மிஞ்சாது.

அப்படி வருகிறவருக்காகவே இதை எழுதுகிறேன். கனடாவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ பிள்ளைகளோடு வந்து, பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் தங்கமுடியாமல் அறை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிற தமிழகத்து இளைஞர்கள் இருக்கிறார்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை இடையில் நின்று 2024 ஓகஸ்ட்டில் மறுபடி தொடங்கியது. கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மலிவாக, கடலுக்குப் பக்கத்தில், எங்கே தங்கலாம்?

என் சாய்வை முதலே சொல்லிவிடுகிறேன். மூன்று இரவு இருந்தால் இரண்டை மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று நீளும் அந்தக் கரையிலும், ஒன்றை நெடுந்தீவிலும் கழிக்கச் சொல்வேன். எல்லாருக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் படகு, பிறகு காற்று

அறையைப் பார்க்குமுன் படகைப் பாருங்கள். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் தாம்போதிகளால் நிலத்தோடு இணைந்தவை, பஸ்ஸிலேயே போகலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் மேற்கு முனையில் இருக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேற வேண்டும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776 இலக்க பஸ் அங்கே போகிறது. ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கில் வையுங்கள். அங்கிருந்து நயினாதீவு கால் மணி, இருபது நிமிடப் பயணம். படகுகள் அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரக் கடல். அந்தப் படகுகள் நாளுக்குச் சில தடவைதான் ஓடும். ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் நோயாளரும் மரக்கறி மூட்டைகளும் போகும் படகு அது. உங்கள் வசதிக்காகக் காத்திராது. காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைய நாள் போய்விட்டது. பிற்பகல் திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான்.

ஆகவே நெடுந்தீவுக்குப் போக நினைத்துக்கொண்டு நல்லூர்ப் பக்கம் அறை எடுப்பவர் இருட்டோடு எழும்பி, பஸ் பிடித்து, கடல் கடந்து, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் தீவில் இறங்கி, இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டோவில் சுற்றிவிட்டு வியர்வையோடு திரும்புகிறார். ‘நெடுந்தீவில் ஒன்றும் இல்லை, கல்லும் வெயிலும்தான்’ என்று சொல்பவர்களில் அநேகர் இப்படிப் போய் வந்தவர்கள்.

மத்தியதரைக் கடலில் ஏதென்ஸ் நகரத்தின் துறைமுகமான பிரேயுஸிலும் கப்பலைப் பார்த்துத்தான் அறை எடுக்கிறார்கள். அங்கே துறைமுகத் தெருக்களில் இருக்கும் மலிவு விடுதிகளில் தங்குகிறவர்கள் நீராடப் போகிறவர்கள் அல்ல. விடியற்காலைக் கப்பலில் ஈஜியன் தீவுகளுக்குப் போகிறவர்கள். யூலை, ஓகஸ்ட்டில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று மூர்க்கமாக அடிக்கும்போது துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். தீவில் ஒரு இரவு கூடுதலாகக் கிடக்க வேண்டிவரும் என்பதை அங்கே போய்ப் பழகியவர்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கடலில் மெல்தெமியின் இடத்தில் சோளகம் இருக்கிறது.

சோளகம் வைகாசி வாக்கில் தென்மேற்கிலிருந்து எழும்பி, புரட்டாதி வரைக்கும் அடிக்கும். அந்த மாதங்களில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். படகு நிற்கும் நாட்களும் உண்டு. ஓடும் நாட்களிலும் வயிற்றைப் பிரட்டும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், மழையோடும் சில வருடங்களில் புயலோடும். கடல் தணிந்து, மழையும் விட்டு, வெயிலும் பொறுக்கக்கூடியதாக இருப்பது தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும்வரை. பங்குனி, சித்திரையில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், ஆனால் காற்று அசையாது.

இந்தக் காற்றுக் கணக்கு அறைக்கும் பொருந்தும். செலவைக் குறைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சோளக மாதங்களில் தெற்கு அல்லது மேற்குப் பார்த்த யன்னல் உள்ள அறையை எடுங்கள். மின்விசிறிகூட வேண்டாத இரவுகள் இருக்கும், ஏ.சி. அறைக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு முழுக்க மிச்சம். மார்கழி, தையில் வடக்கு, கிழக்குப் பக்கம் திறப்பு இருந்தால் போதும். பங்குனி, சித்திரையில் மட்டும் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் ஏ.சி.க்குக் காசு கொடுங்கள். அது வீண்செலவு அல்ல.

நகரத்துக் கரை

யாழ் நகரத்தில் விடுதிகளுக்குக் குறைவில்லை. ரயில் நிலையத்துப் பக்கமும் நல்லூர் வீதிகளிலும் எல்லா விலைக்கும் அறை உண்டு. 24 மணி நேரமும் ஓட்டோ கிடைக்கும், போதனா வைத்தியசாலை பக்கத்தில் இருக்கும், இரவு ஒன்பது மணிக்கும் கொத்து ரொட்டி கிடைக்கும். நோயாளியோடு வருகிறவர், தனியாக முதல்முறை வருகிற பெண், இரவு பஸ்ஸில் வந்து இறங்கி மறுநாள் இரவு பஸ்ஸில் போகிறவர் ஆகியோர் நகரத்திலேயே தங்கட்டும். மண்டைதீவுக் கரையில் அவர்கள் சிரமப்படுவார்கள்.

ஆனால் நகரத்தில் ‘கடலோரம்’ என்று சொல்லித் தரும் அறையை எடுக்குமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள். பண்ணையிலும் குருநகர்ப் பக்கமும் இருப்பது ஆழமில்லாத களப்புக் கடல். நீர் வற்றும்போது சேறு வெளியே தெரியும், நாற்றமும் வரும். குளிக்கத் தோதான கடல் அல்ல. அழகு இல்லை என்று சொல்லமாட்டேன்: 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658 க்குப் பிறகு ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டையின் மதிலிலிருந்து பண்ணைப் பக்கம் சூரியன் விழுவதைப் பார்க்கலாம். அதற்காக இரவெல்லாம் கூடுதல் வாடகை கொடுக்கத் தேவையில்லை. நகரத்தில் தங்குவதானால் பஸ் நிலையத்துக்கு நடந்துபோகக்கூடிய தூரத்தில், உள்வீதியில், மலிவான அறை ஒன்றை எடுங்கள்.

மண்டைதீவும் அதற்கு அப்பாலும்

பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இரண்டு பக்கமும் களப்பு. நீருக்குள் கம்பு நட்டு விரித்த சிறகுவலைகள் வரிசை வரிசையாகத் தெரியும். மாரி காலத்தில் பூநாரைகளும் வரும். மண்டைதீவுச் சந்தியில் தெற்கே திரும்பினால் தீவு. நகரத்து மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து ஓட்டோவில் கால் மணிக்குள் வந்துவிடலாம். சைக்கிளிலும் வரலாம், எதிர்க்காற்று இல்லாவிட்டால். இவ்வளவு கிட்ட இருந்தும் நகரத்தின் இரைச்சல் இங்கே எட்டுவதில்லை. பனை, பூவரசு, கண்டல், மணல், திருவெண்காடு சித்தி விநாயகர் கோயில் மணி, காலையில் வலை இழுத்து வரும் வள்ளங்கள்.

மண்டைதீவில் பெயர்ப்பலகை போட்ட பெரிய விடுதிகளைத் தேடாதீர்கள். வீட்டோடு சேர்ந்த அறைகள், வெளிநாட்டிலிருக்கும் உறவினரின் வீட்டைப் பராமரித்து வாடகைக்கு விடுகிறவர்கள், தாம்போதியை அண்டிய சில சிறிய தங்குமிடங்கள் என்று விசாரித்துத்தான் எடுக்க வேண்டும். வசதி நட்சத்திர விடுதி மாதிரி இராது. நுளம்பு வலை இருக்கும், கிணற்றடி இருக்கும், காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் இருக்கும். மத்தியானத்துக்கு மீன்குழம்பு வேண்டுமென்றால் முதல்நாள் இரவே சொல்லிவிட வேண்டும், விடிய வள்ளம் வரும்போது வாங்குவதற்காக. நண்டு, இறால், கணவாய், ஒட்டி, விளைமீன் என்று எது அகப்படுகிறதோ அதுதான் சாப்பாடு. கரையில் வாங்கும் மீனின் விலை நகரத்துச் சாப்பாட்டுக் கடை விலையோடு ஒப்பிடும்போது எவ்வளவு குறைவு என்பது இரண்டாம் நாளே விளங்கிவிடும்.

இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. அல்லைப்பிட்டியில் 1977 இல் நடந்த அகழாய்வில் 11, 12 ஆம் நூற்றாண்டுச் சீன மட்பாண்டங்கள் கிடைத்தன. சொங் அரசர் காலத்துச் சரக்கு இந்தக் கரையில் இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த மணலில் நடந்தால் நடையே வேறு. மண்கும்பானில் மணல் திட்டிகள். வேலணையில் சாட்டிக் கடற்கரை: ஞாயிறுகளில் நகரமே திரண்டு வந்துவிடும், வார நாட்களில் ஆளரவம் குறைவு. சிறுபிள்ளைகளைக் குளிக்க விட மண்டைதீவின் களப்புப் பக்கத்தைவிடச் சாட்டி நல்லது. சாட்டிக் கிணறுகளின் நன்னீர்தான் நெடுங்காலமாகத் தீவகத்தின் பல ஊர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எனவே இந்தப் பக்கம் அறை எடுக்கிறவருக்குத் தண்ணீர்க் கவலையும் ஒப்பீட்டளவில் குறைவு.

இந்தக் கரையை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் அது நடுவில் இருப்பதுதான். கிழக்கே நகரம் கிட்ட. மேற்கே குறிகட்டுவான் பஸ் வீதியிலேயே போகிறது. நகரத்திலிருந்து புறப்படுகிறவரைவிட அரை மணி நேரம் பிந்தி எழும்பலாம். சுகவீனம் வந்தால் போதனா வைத்தியசாலைக்கு எந்த நேரமும் போகலாம். கடல் வாசலில் இருக்கிறது. இவ்வளவும் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடையாது.

மண்டைதீவு மாறிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இங்கே யாழ்ப்பாண சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். கண்டல் நிலமும் மழைநீர் தேங்கும் தாழ்நிலமும் என்னவாகும் என்று சூழல் அக்கறை உள்ளவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. பெரிய விடுதிகள் வரக்கூடும், விலையும் ஏறும். ஊர்ச் சனத்தின் வீட்டு அறைகளுக்கு இப்போதே ஆட்கள் வந்து பழகினால், நாளைக்கு அவர்களும் அந்தத் தொழிலில் நின்றுபிடிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஓகஸ்ட்டில் மண்டைதீவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. கிணறுகளைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி அவர்களின் குடும்பங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நீங்கள் தங்கும் வீட்டில் சுவரில் மாலை போட்ட படம் இருக்கலாம். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். நீங்களாகக் கிண்டிக் கேட்காதீர்கள். இடிந்த வீடுகளின் முன் நின்று படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். கடற்படை முகாம்களைப் படம் பிடிக்கக்கூடாது என்பது எல்லாத் தீவுக்கும் பொதுவான விதி.

ஊர்காவற்றுறையும் காரைநகரும்

குளிப்பதுதான் நோக்கம் என்றால் காரைநகர். கசூரினா கடற்கரையில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான கடல் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஊர்காவற்றுறை பழைய துறைமுகப் பட்டினம், இப்போது அமைதியாகக் கிடக்கிறது. தனிநாயகம் அடிகள் 1913 இல் பிறந்த கரம்பொன் இதன் பக்கத்தில்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒடுங்கிய கடல். ‘பாதை’ என்று ஊரவர் சொல்லும் மிதவையில் சைக்கிளோடு ஏறி அக்கரை போகலாம். நகரத்திலிருந்து பண்ணை வழியாகப் போய், பாதையில் கடந்து, காரைநகர், வட்டுக்கோட்டை வழியாகத் திரும்புவது ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்கு அருமையான வட்டம்.

இந்த ஒடுங்கிய கடலின் நடுவில் நிற்கும் கடற்கோட்டையில் கடற்படை விடுதி நடத்துகிறது. அது குறைந்த செலவுக்காரருக்கு உரியது அல்ல; அந்தக் காசு எங்கே போகிறது என்பதற்காகத் தவிர்க்கிறவர்களும் உண்டு. கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

நயினாதீவு

நயினாதீவில் இரவு தங்குவது வழிபாட்டுக்காக. விடுமுறைக்காக அங்கே அறை தேடாதீர்கள். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் வருகிறவர்கள் பெரும்பாலும் அன்றே திரும்பிவிடுவார்கள். அடியார்களுக்கென்று மடங்கள் இருக்கின்றன. அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். படுக்கப் பாயும் தலைக்கு மேல் கூரையும் போதும் என்கிறவருக்கு இதைவிட மலிவு வேறெங்கும் இல்லை. உண்டியலில் மனமறிந்து போட்டுவிட்டு வாருங்கள், இலவசம் என்று எண்ணி எழும்பி வராதீர்கள். ஆனியில் பதினாறு நாள் திருவிழா. அந்த நாட்களில் இடம் கிடைப்பது கடினம், ஆனால் இரவுத் திருவிழா பார்க்கவேண்டும் என்றால் அந்த நாட்களில்தான் தங்கவேண்டும். மச்சமும் மதுவும் கொண்டுபோகாதீர்கள்.

படகில் ஒரு எச்சரிக்கை. தனியார் படகுகளில் ஆட்களைக் கீழ்த்தட்டில் நெருக்கி இருத்துவார்கள். மூச்சு முட்டுகிறவர்கள், வயதானவர்கள் அவசரப்படாமல் அடுத்த படகுக்கு நின்று மேல்தட்டில் இருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

நெடுந்தீவு

நெடுந்தீவில் கட்டாயம் ஒரு இரவாவது தங்குங்கள். சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவை ஓட்டோவில் இரண்டு மணி நேரத்தில் சுற்றிக் காட்டுவார்கள்: பெருக்க மரம், முருகைக்கல்லால் கட்டிய ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வெட்டவெளியில் திரியும் மட்டக்குதிரைகள். அது பட்டியல். தீவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிற்பகல் படகு போனபின் பகல்பயணிகள் ஒருவரும் இல்லாத தெருக்களில், சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கு நடுவே சைக்கிளில் போய்ப் பாருங்கள். வெயில் சாய்ந்ததும் குதிரைகள் தண்ணீர் தேடி வரும். அவற்றைத் துரத்தாமல், சாப்பாடு நீட்டாமல், தூரத்தில் நின்று பாருங்கள். வரட்சிக் காலத்தில் அவை தண்ணீரில்லாமல் படும் பாடு பெரிது.

தங்குமிடங்கள் சில சிறிய விடுதிகளும் வீட்டு அறைகளும்தான். முன்கூட்டியே பேசிவைக்காமல் படகேறாதீர்கள். சாப்பாட்டையும் அப்போதே பேசிவிடுங்கள். பொழுதுபட்டபின் கடை தேடி அலைய முடியாது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பிரதான மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே இருந்துவந்தன. இந்தியாவின் நன்கொடையில் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏ.சி. இருக்கிறது என்று சொன்னாலும் இரவு முழுக்க ஓடுமா என்று கேட்டுத்தான் காசு பேசவேண்டும். தண்ணீர் அங்கே தங்கம். வாளியில் அள்ளி அளவாகக் குளியுங்கள். ஊரவர் குடிதண்ணீருக்குப் படும் சிரமம் உங்களுக்குத் தெரியாமல் போகவேண்டாம்.

குறிகட்டுவானிலிருந்து ஓடும் படகுகளில் குமுதினி என்ற பெயரைக் கேள்விப்படுவீர்கள். 1985 மே 15 ஆம் திகதி அந்தப் படகில் பயணம் செய்த நெடுந்தீவு மக்கள் கடலில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பிறகும் அதே படகு திருத்தப்பட்டு அதே கடலில் ஆட்களை ஏற்றியது. மே நடுப்பகுதியில் போகிறவர்கள் நினைவுநாளை மனதில் வைத்துப் பயணத்தை ஒழுங்குசெய்யுங்கள்.

யாருக்கு நெடுந்தீவு பொருந்தாது? இதய நோயாளருக்கும், பிரசவ காலம் நெருங்கியவருக்கும், மறுநாள் விமானம் பிடிக்க வேண்டியவருக்கும். அங்கே வைத்தியசாலை உண்டு. ஆனால் கடுமையான நோயென்றால் கடல் கடந்தே வரவேண்டும், இரவில் அது சுலபமான காரியம் அல்ல. விமானத்துக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் குறைந்தது ஒரு முழு நாளை விடுங்கள்.

கணக்குப் போடும் விதம்

அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரு எடுத்துக்காட்டு: நகரத்தில் அறை 5,000 ரூபாய், மண்டைதீவுக் கரையில் 6,000 என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் தங்குகிற நாலுபேர்க் குடும்பம் கடலுக்குப் போய்வர ஓட்டோவுக்கு 2,500, கடைச் சாப்பாட்டுக்கு 6,000 செலவழித்தால் நாள் முடிவில் 13,500. கரையில் தங்கி, வீட்டுச் சாப்பாட்டுக்கு 4,000 கொடுத்து, நகரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்வந்தால் 10,500 க்குள் முடிந்துவிடும். எண்கள் காலத்துக்குக் காலம் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. தனியாக வருகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும்: பஸ்ஸில் போய்வரும் ஒற்றை ஆளுக்கு நகரத்து மலிவறைதான் இலாபம்.

ஓகஸ்ட்டில் எல்லாக் கணக்கும் குழம்பும். நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா, புலம்பெயர்ந்தவர்களின் விடுமுறை, தீவகத்துக் கோயில்களின் உற்சவங்கள் எல்லாம் அந்தப் பருவத்தில் ஒன்றாக வருகின்றன. நகரத்தில் அறை விலை ஏறும்போது தீவகத்துக் கரை சில வேளை மலிவாக இருக்கும். மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகுகள் போகும். அந்த இரண்டு நாளும் அந்தத் துறைப் பக்கம் நெடுந்தீவுப் பயணம் வைக்காதீர்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

அறையின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்வதைவிட நாலு கேள்வி கேட்பது பயன். வீட்டுக்கார அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: “அக்கா, உங்கட கிணத்தில நல்ல தண்ணியோ, சவரோ?” சவர் என்றால் குளித்தபின் தலைமயிர் பிசுபிசுக்கும், சவர்க்காரம் நுரைக்காது, குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்கவேண்டும், அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டுங்கள். “யன்னல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?” காற்றுக் கணக்குக்கு. “கரண்ட் நிண்டா என்ன செய்வியள்?” “ராத்திரியில ஓட்டோ வருமோ, ஆரும் தெரிஞ்ச ஆள் இருக்கோ?” இது மிக முக்கியம். தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி ஒருவரின் இலக்கத்தை வீட்டுக்காரரிடமே வாங்கி வையுங்கள்.

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த இடமா என்றும் கேட்கலாம். பதிந்திருந்தால் நல்லது. பதியாத வீட்டு அறைகளிலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். அப்படியான இடத்துக்கு முழுக் காசையும் முற்பணமாக அனுப்பாமல், ஒரு இரவு வாடகையை மட்டும் அனுப்பி, வந்து பார்த்தபின் மிச்சத்தைக் கொடுங்கள். அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் பிரதியைக் கேட்பார்கள், அது வழமை. காசைத் தாளாகவே கொண்டுபோங்கள். அட்டையில் கட்டலாம் என்று நம்பித் தீவுகளுக்குப் போகாதீர்கள்.

பெண்பிள்ளைகள் குளிக்கும் உடையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கசூரினாவில் யாரும் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள். மண்டைதீவு, நெடுந்தீவுக் கரைகள் தொழில் நடக்கும் இடம். வலை உலர்த்துகிற, வள்ளம் தள்ளுகிற ஆட்களுக்கு நடுவே ஊர்ப்பெண்கள் எப்படி உடுக்கிறார்களோ அப்படி உடுத்தால் சங்கடம் இல்லை. வலைக்கு மேல் காலை வைக்காதீர்கள், ஆண்களும்தான்.

மூன்று இரவுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. முதல் நாள் மாலை மண்டைதீவுக் கரையில் இறங்குங்கள். இரண்டாம் நாள் விடிய, வேண்டாத பொதிகளை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, சிறிய பையோடு தாம்போதிச் சந்தியில் 776 ஐப் பிடித்து நெடுந்தீவுக்குப் போங்கள். முதல் நாள் இரவே வீட்டுக்காரர் மூலம் படகு நேரத்தை விசாரித்து வைக்க மறக்கவேண்டாம். மூன்றாம் நாள் காலைப் படகில் திரும்பி, குறிகட்டுவானில் நின்றபடியே நயினாதீவுக்கு ஒருமுறை போய்வந்து, மாலையில் மண்டைதீவுக்கு வந்துவிடுங்கள். நாலாம் நாள் காலை கையில் மிச்சம் இருக்கும். அதைச் சாட்டியில் குளிக்கவோ கோட்டை பார்க்கவோ வைத்துக்கொள்ளலாம். சோளகம் உரத்து அடிக்கும் நாட்களில் வந்தவர்கள் நெடுந்தீவை விட்டுவிட்டு, அந்த இரவைக் காரைநகரில் கழியுங்கள்.